இரண்டரைப் பெண்கள்

ஒகாயா
பிப்ரவரி 19, 1984

அன்புள்ள அகினோரி,

நீ ஜப்பானை விட்டு அமெரிக்கா போய் ஐந்து மாதம் ஆகிறது. புத்தாண்டு வாழ்த்து அட்டையைத் தவிர நான் உனக்கு ஒன்றும் எழுதவில்லை. நல்ல சேதி ஏதாவது வரட்டும், அதோடு சேர்த்து எழுதலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வந்த சேதி வேறு மாதிரி.

போன செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணி அடிக்கப் போகும் நேரம், உன் பழைய மேலாளர் குமாய் எங்கள் பிரிவுக்கு வந்தார். கையில் ஒரு தாள். நிமிர்ந்து பார்க்காமல் படித்தார். மார்ச் 31-ஆம் தேதியோடு எங்கள் முப்பது பேரின் ஒப்பந்தமும் முடிகிறதாம். இந்த முறை புதுப்பிக்க மாட்டார்களாம். ஆர்டர் குறைவு என்பது காரணம். படித்து முடித்ததும் ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆர்டர் குறைவு என்பதை நான் எப்படி நம்புவேன்? நீ பொருத்திவிட்டுப் போன பன்னிரண்டு ரோபோவும் ஓய்வே இல்லாமல் கேசட் டெக்குக்கு உள்பாகம் கோத்துக்கொண்டிருக்கின்றன. ஜனவரியில் போன வருடத்தைவிட ஆயிரத்து எழுநூறு பெட்டி அதிகம் போயிருக்கிறது. பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது நான்தான், எனக்குத் தெரியாதா.

படிவத்தைப் பற்றி ஹமாயோ அக்கா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மினேகோ, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா? சொந்தக் காரணத்தால நாமளே விலகுறோமாம். நம்மளே ஆசைப்பட்டுப் போறோமாம்." அதில் கையெழுத்தாகப் பெயர் முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டால் வேலையில்லாக் காலத்து உதவித்தொகை உடனே கிடைக்காது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மார்ச் 30-க்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தொழிற்சங்கத்துக்குப் போனேன். எங்கள் பெயர் அவர்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். நாங்கள் பகுதி நேரம் இல்லையா. எட்டு மணி நேரம் வேலை செய்தாலும் பெயர் பகுதி நேரம்தான்.

உனக்கு எழுதுவதற்குக் காரணம், நீ எங்களை அறிந்தவன். பதினாறு வயதில் உன் அண்ணனோடும் என்னோடும் இருக்க எங்கள் வீட்டுக்கு வந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. எட்டு வாரம் என் மேசைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஸ்டாப் வாட்சும் கேமராவுமாக என் கையைப் பார்த்தாயே, அதற்காகச் சொல்கிறேன். அந்தச் சின்ன ஸ்பிரிங் துள்ளி ஓடாமல் இருக்க விரல் நுனியில் கிரீஸ் தொட்டுக்கொள்வேன் என்பதை நான்தான் உனக்குக் காட்டினேன். அதே மாதிரி ரோபோவின் நுனியில் கிரீஸுக்கு ஒரு துளை போட்டாய். எல்லோரும் கை தட்டினோம். எதிர்த்துப் பேசாது, சாப்பாடு கேட்காது என்று அதற்கு 'மருமகள்' என்று பெயர்கூட வைத்தோம்.

அன்று நீ சொன்னாய், "பயப்படாதீங்க அண்ணி, இது வந்தா கஷ்டமான வேலை அதுக்கு, நல்ல வேலை உங்களுக்கு." அதை எல்லோரும் கேட்டார்கள்.

போன வசந்தத்தில் எங்கள் சம்பள உயர்வு மனுவை நீதான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாய். அது பன்னிரண்டே நாளில் பலித்தது. இப்போதும் உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும். குமாய்க்கு ஒரு கடிதம் எழுது. வேலை இல்லை என்றால் போகிறோம். படிவத்திலாவது உண்மையை எழுதச் சொல்.

அண்ணன் நலம். ஆப்பிள் லாரி ஓட்டி ஓட்டி முதுகு வலிக்கிறது என்கிறார். ஏரி இந்த வருடம் நன்றாக உறைந்திருக்கிறது.

மினேகோ

❖

டெட்ராய்ட் அருகில்
மார்ச் 3, 1984

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. படித்ததும் மனசு கனத்துவிட்டது. இரண்டு நாள் என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், நான் இப்போது அந்தப் பிரிவிலேயே இல்லை. ரோபோ விற்கும் புதுப் பிரிவுக்கு மாறியாயிற்று. ஒகாயாவில் என்ன முடிவெடுக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்வதில்லை. உங்கள் சேதி எனக்கும் புதிது. குமாய்க்கு எழுதிப் பார்க்கிறேன். ஆனால் தூரத்தில் இருப்பவன் எழுதினால் என்ன நடந்துவிடும்?

ஒன்று மட்டும் நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் குறை இல்லை. உங்கள் முப்பது பேரைப் போல வேலை செய்கிறவர்களை நான் இந்த நாட்டில் பார்க்கவில்லை. இது யாருடைய குற்றமும் இல்லை அண்ணி, கணக்கு. உலகம் முழுக்க இப்போது ஒரே கணக்குதான். சம்பளம் ஏற ஏற இயந்திரம் மலிவாகிக்கொண்டே வரும்.

இங்கே வாங்க வருகிறவர்கள் ரோபோ எவ்வளவு வேகமாக ஓடும் என்றுகூடக் கேட்பதில்லை. எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்பதுதான் முதல் கேள்வி. கார் தொழிற்சாலைக்குப் பாகம் செய்கிற ஒருவனுக்குப் போன வாரம் விற்றேன். அவன் ஆளுக்கு மணிக்கு ஒன்பது டாலர் கொடுக்கிறான். பத்தே மாதத்தில் விலை திரும்பிவிடும் என்று காட்டினேன். காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

நம் ஊரில் அது அவ்வளவு எளிதாக இல்லை. ரோபோ வாங்க அனுமதி கேட்டு நாங்கள் அனுப்பிய தாள் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்தது. இரண்டு வருடத்தில் விலை திரும்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. ஒரு ரோபோ ஐம்பத்திரண்டு லட்சம் யென். அது செய்வது இரண்டரைப் பெண்களின் வேலை. மணிக்கு ஐந்நூற்று இருபது யென்னுக்குக் குறைந்த சம்பளத்தில் ஆள் கிடைத்துக்கொண்டிருந்தவரை கணக்கு உதைத்துக்கொண்டே இருந்தது. அத்தனை காலம் நாங்கள் செய்த இயந்திரம் எங்கள் தொழிற்சாலைக்குள்ளேயே நுழைய முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் எழுதுவது, நீங்கள் யாரையும் வெறுக்க வேண்டாம் என்பதற்காக. உங்களுக்கு வேறு வேலை கிடைக்கும். அண்ணனை லாரியில் கனமான பெட்டி தூக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அகினோரி

❖

ஒகாயா
மார்ச் 12, 1984

அகினோரி,

உன் கடிதத்தைச் சனிக்கிழமை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி படித்தேன். இன்று வேலைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் கழிப்பறையில் நின்று மூன்றாவது முறை படித்தேன்.

ஐந்நூற்று இருபது யென் என்று எழுதியிருக்கிறாய். போன வருடம் ஏப்ரலில் எங்களுக்கு மணிக்கு நானூற்று எண்பது.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். நான் ஊறுகாய்க் கீரையை நறுக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது யென் உயர்த்திக் கேட்கலாம் என்று நாங்கள் பேசி வைத்திருப்பதைச் சொன்னேன். ஐம்பது கூட்டினால் ஐந்நூற்று முப்பது. கேட்டது முழுதாகக் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். அப்போது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "அம்பது கேட்டா இருபதுதான் குடுப்பாங்க அண்ணி. எண்பது கேளுங்க. நானே எழுதித் தர்றேன்."

எண்பது கேட்டோம். எண்பதும் கிடைத்தது. ஒரு யென் குறைக்கவில்லை. பத்து வருடமாகக் கையுறை வாங்கித் தருவதற்குக்கூட மூக்கால் அழுகிற குமாய், பன்னிரண்டு நாளில் சரி என்றார். நான் அதை நம் ஒற்றுமையின் பலன் என்று நினைத்தேன். முப்பது பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். அன்று மாலை நீ வந்தாய், கோப்பையைத் தூக்கி எங்கள் வெற்றிக்கு என்றாய். நான் ஊற்றிக் கொடுத்தேன்.

ஆகஸ்டில் ரோபோ வந்தது.

நான் பள்ளியில் ஒன்பது வருடம் படித்தவள். ஆனாலும் பன்னிரண்டை இரண்டரையால் பெருக்கத் தெரியும். முப்பது வருகிறது. நாங்கள் முப்பது பேர். அந்தத் தாளில் நீ எங்களை எழுதியிருந்த விதம் இதுதானா? இரண்டரைப் பெண்கள் என்றால், அந்த அரைப் பெண் யார் அகினோரி? முட்டி வலியோடு வருகிற ஹமாயோ அக்காவா? நானா?

ஹமாயோ அக்காவுக்குப் போன மே மாதம் மிசோ விழுதுக் கிடங்கில் நிரந்தர வேலை வந்தது. "இப்பத்தானே ஐந்நூத்தி அறுபது ஆயிருக்கு, எதுக்குப் போறே"ன்னு தடுத்தவள் நான். அந்த இடத்துக்கு வேறொருத்தி போய்விட்டாள்.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. எங்களுக்கு எண்பது யென் சொன்ன அன்று, உனக்கு இந்த ஐந்நூற்று இருபது தெரியுமா? தெரியும், தெரியாது, இரண்டில் ஒன்று எழுது. வேறு எதுவும் வேண்டாம். தெரியாது என்று எழுதினால் நம்புவேன்.

மினேகோ

❖

டெட்ராய்ட் அருகில்
மார்ச் 21, 1984

அண்ணிக்கு,

நேற்று தொலைபேசியில் கூப்பிட்டேன். அண்ணன் எடுத்தார். நீங்கள் பக்கத்தில்தான் இருந்தீர்கள் என்று தெரிந்தது. பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. "அவ வரமாட்டேங்குறா"ன்னு அண்ணன் சொன்னார். என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவில்லை. நீங்கள் அவரிடம் சொல்லவில்லை போல. அதற்கு நன்றி.

தெரியும்.

எழுதிவிட்டேன். இனி மற்றதையும் கேளுங்கள். ஒரு வார்த்தை போதும் என்றீர்கள், ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு என்னை விட்டுவிட்டால் நான் வெறும் துரோகியாகிவிடுவேன்.

82-ஆம் வருடக் கடைசியில் தலைமை அலுவலகத்தில் இரண்டு வழிதான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று ரோபோ. இன்னொன்று மலேசியாவில் பினாங்கு. அங்கே ஒரு பெண்ணுக்கு மணிக்கு அறுபது, எழுபது யென் கொடுத்தால் போதும். நானூற்று எண்பது யென்னில் ரோபோ தோற்றால் அடுத்தது பினாங்குதான். பினாங்கு என்றால் உங்கள் முப்பது பேரோடு போகாது. ஒகாயாவில் அச்சுப் பிரிவு, முலாம் பிரிவு, லாரி ஓட்டுகிறவர்கள், எல்லாம் போகும். நூற்றுத் தொண்ணூறு குடும்பம். நான் ரோபோவை உள்ளே கொண்டுவந்ததால்தான் அவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். முப்பதா, இருநூற்று இருபதா என்று கேட்டால் நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

உங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் எண்பது கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் சொல்லவில்லை. இதைவிட நேர்மையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான் இங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். போன மாதம் விற்ற இடத்தில் ரோபோவைப் பொருத்தப் போயிருந்தேன். டொலோரஸ் என்று ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும், வேலை இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசினோம்.

"உங்க ஊர்ல இந்த வேலையை முன்னாடி யாரு செஞ்சாங்க தம்பி?"

"பொம்பளைங்கதான்."

"அவங்கல்லாம் இப்ப எங்க?"

வேறு நல்ல பிரிவுக்கு மாற்றிவிட்டோம் என்றேன். "அப்ப எங்களையும் மாத்துவாங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். போய் மற்றவர்களிடமும் சொன்னாள். தூரத்திலிருந்து எனக்குக் கை ஆட்டினார்கள். நான் திருகாணி முடுக்குகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

நான் செய்ததற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். திட்டி எழுதுங்கள். ஆனால் இந்தக் கடிதம் உங்கள் கண்ணோடு நிற்கட்டும். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். இதில் இருப்பது கம்பெனியின் உள்விவகாரம். வெளியே போனால் என்னைத் தொலைத்துவிடுவார்கள்.

அகினோரி

❖

ஒகாயா
ஏப்ரல் 8, 1984

அகினோரி,

உன் கடிதம் மார்ச் 28-ஆம் தேதி வந்தது. அடுப்பில் போடவில்லை. என்ன செய்தேன் என்பதை யாரோ சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் வியாழக்கிழமை மாலை, முப்பது பேரும் வார்டு சமுதாயக் கூடத்தில் கூடினோம். மறுநாள் படிவம் கொடுக்கக் கடைசி நாள். முத்திரை வைப்பதா வேண்டாமா என்று பேசத்தான் கூடியது. நான் உன் கடிதத்தைப் பற்றி வாய் திறப்பதாக இல்லை. பையில்தான் இருந்தது, இருந்தாலும் இல்லாத மாதிரிதான்.

எல்லோரும் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஹமாயோ அக்காதான் கேட்டாள்.

"மினேகோ, உனக்கு எப்பத் தெரியும்?"

என்ன தெரியும் என்றேன்.

"எண்பது யென் உன் வாயிலருந்துதான் வந்துச்சு. மனு எழுதினது உன் கொழுந்தன். மருமகளைக் கொண்டாந்து நிறுத்தினதும் அவன். அவன் அமெரிக்கா போயிட்டான். உனக்கு எப்பத் தெரியும்னு கேக்குறேன்."

அவர்களுக்குள்ளேயே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். உன் ஐந்நூற்று இருபது அவர்களுக்குத் தெரியாது, ஆனால் நாள், மாதம் எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பதினொரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவள், என் வீட்டுக் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவள், அவளுடைய கண்ணில் நான் உன் கூட்டாளி.

எனக்குத் தெரியாது என்றேன். மறுபடி சொன்னேன். அப்புறம் பையைத் திறந்து உன் இரண்டு கடிதத்தையும் எடுத்து ஹமாயோ அக்கா கையில் கொடுத்தேன். அவள் சத்தமாகப் படித்தாள். 'தெரியும்' என்பதை இரண்டு முறை படித்தாள். டொலோரஸ் வரைக்கும் படித்தாள். அடுப்பில் போடச் சொன்னதையும் படித்தாள்.

நியாயத்துக்காகத்தான் கொடுத்தேன் என்று எழுதினால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் கொடுத்தேன்.

மறுநாள் ஒருவரும் முத்திரை வைக்கவில்லை. ஆறு பேர் துணை ஆலை மேலாளரிடம் போனோம். ஆர்டர் குறைவு என்று மறுபடியும் ஆரம்பித்தார். ஹமாயோ அக்கா உன் இரண்டு கடிதத்தின் நகலையும் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இது ஒரு தனி ஆளின் கருத்து, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்றார். தண்ணீர் குடித்தார். சனிக்கிழமை எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதச் சம்பளம் தந்தார்கள். படிவத்தை மாற்றி, கம்பெனியின் காரணத்தால் நீக்கம் என்று எழுதித் தந்தார்கள். உதவித்தொகை இந்த மாதமே வரும். அவ்வளவுதான் ஜெயித்தோம்.

முப்பதா, இருநூற்று இருபதா என்று கேட்டிருந்தாய். நீ சொல்கிற பினாங்கு நிஜமாக இருக்கலாம். அப்படியென்றால் அதை எங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும். ஒருவேளை நாங்களே நானூற்று எண்பதில் இருக்கிறோம், நானூற்றுக்கும் வருகிறோம் என்றிருப்போம். ஒருவேளை சண்டை போட்டிருப்போம். எதுவானாலும் எங்கள் வாயால் செய்திருப்போம். நீ எங்கள் வாயை எடுத்து உனக்கு வேண்டியதைக் கேட்க வைத்தாய். அதிலும் என் வாயை.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் வெளியே போய் லாரியைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

மினேகோ

❖

சிகாகோ
ஏப்ரல் 24, 1984

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குச் சேதி வந்துவிட்டது. சிகாகோ அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்திருந்த இயக்குநர் ஒருவர், மேசைமேல் என் இரண்டு கடிதத்தின் நகலையும் வைத்திருந்தார். "இது உன் கையெழுத்தா"ன்னு கேட்டார். அண்ணன் கனமான பெட்டி தூக்க வேண்டாம் என்று நான் எழுதியிருந்த வரிக்குக் கீழேகூடச் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

உங்களுக்கு எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். இனி மறைத்து என்ன ஆகப் போகிறது. எண்பது யென் என் யோசனை இல்லை. 83 ஜனவரியில் தாள் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்த அன்று குமாய் என்னை நூடுல்ஸ் கடைக்கு அழைத்துப் போனார். "அந்தப் பொம்பளைங்க கொஞ்சம் கூடக் கேட்டாங்கன்னா நமக்கு வேலை முடிஞ்சுது. உங்க அண்ணிதானே தலைவி? அவங்க கேட்டா நான் குடுத்துடுறேன்"னு சொன்னார். சொல்லிவிட்டு என் கிண்ணத்தில் அவருடைய கறித்துண்டை எடுத்துப் போட்டார். மூன்று மாதம் நான் உங்களிடம் வாய் திறக்கவில்லை. நீங்களே ஐம்பது என்று பேச்செடுத்தபோதுதான் சொன்னேன். அது எனக்கு ஒரு சமாதானமாக இருந்தது. நீங்களாகத்தானே ஆரம்பித்தீர்கள் என்று.

இப்போது குமாய் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்கிறார். நூடுல்ஸ் கடைக்குப் போனதே நினைவில்லையாம். எல்லாம் ஒரு பொறியாளரின் அதீத ஆர்வம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லியிருந்த பிரிவுத் தலைவர் பதவி வேறு ஆளுக்குப் போயிற்று. ஜூலையில் என்னை ஒகாயாவுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். உதிரி பாகக் கிடங்கில் வேலை. கம்பெனி என்னைக் கைவிடாது என்று நினைத்திருந்தேன். நாங்கள் முப்பது பேரும் அப்படித்தான் நினைத்திருந்தோம் என்று நீங்கள் எழுத வருவீர்கள். எழுத வேண்டாம், எனக்கே தெரிகிறது.

கம்பெனி செய்ததை என்னால் தாங்க முடிகிறது. குமாய் செய்ததையும். உங்கள் வீட்டு விலாசத்துக்கு, உங்கள் பெயருக்கு எழுதிய கடிதம் அது. பொய் சொல்லியே வந்தவன் முதல் முறையாக உண்மையை எழுதினேன். தெரியாது என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்கள், நீங்களே சொன்னீர்கள். எனக்கு வேலையும் இருந்திருக்கும். உண்மையை எழுதியதற்கு நீங்கள் அதைக் கூட்டத்தில் படிக்கக் கொடுத்தீர்கள்.

நான் செய்தது துரோகம். ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் செய்ததற்கு என்ன பெயர் அண்ணி?

அகினோரி

❖

ஒகாயா
நவம்பர் 18, 1984

அகினோரி,

உன் கேள்விக்கு ஏழு மாதமாகப் பதில் எழுதவில்லை. நீ ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆயிற்று. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்திருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். பதினைந்து நிமிட நடை. இருந்தாலும் தபாலில்தான் அனுப்புகிறேன்.

நேற்று மளிகைக் கடையில் உன்னைப் பார்த்தேன். முள்ளங்கி அடுக்கியிருந்த இடத்தில் நின்றாய். இளைத்திருக்கிறாய். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போனாய். பின்னால் வந்து கூப்பிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கூப்பிட்டிருந்தால் 'அண்ணி' என்றிருப்பாய். அதைக் கேட்கிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை.

பெயர் கேட்டாயே. இரண்டுக்கும் ஒரே பெயர்தான். நான் வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உன் கடிதத்தைக் கொடுத்தது தப்பில்லை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. மறுபடி அந்தக் கூடத்தில் என்னை உட்கார வைத்து ஹமாயோ அக்கா அதே கேள்வியைக் கேட்டால் மறுபடியும் கொடுப்பேன். அதனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயும் கேட்க வேண்டாம்.

ஜூன் மாதம் குமாய் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். ரோபோக்கள் ஸ்பிரிங்கைத் தவறவிடுகின்றனவாம். மழைக்காலத்துப் புழுக்கத்தில் கிரீஸ் இளகிப்போகிறது. கையால் செய்தால் விரலுக்குத் தெரியும், அதற்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று சரி செய்ய ஓர் ஆள் வேண்டும், நிரந்தர வேலை, போனஸ் உண்டு என்றார். ஒரே ஓர் ஆள். "நீங்க வந்தா நல்லது, இல்லேன்னா வேற யாரையாவது கேக்கணும்"னு சொன்னார். இனிப்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

மறு வாரம் ஹமாயோ அக்கா போய்ச் சேர்ந்தாள். என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு ரோபோவுக்கு நடுவில் ஒருத்தி. தெருவில் பார்த்தால் தலை குனிந்து வணங்கிவிட்டு வேகமாக நடக்கிறாள், முட்டி வலியையும் பொருட்படுத்தாமல். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிசோக் கிடங்கு வேலையை விடச் சொன்னது நான்தானே. மற்ற இருபத்தெட்டு பேரும் அவளோடு பேசுவதில்லை. என்னோடும் அதிகம் பேசுவதில்லை. உன் கணக்கில் இதெல்லாம் எந்த வரியில் வரும் என்று தெரியவில்லை.

எனக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மணிக்கு நானூற்று எழுபது யென். கூடக் கேட்கலாம் என்று உள்ளே சிலர் பேசுகிறார்கள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறேன்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்காக. உன் அண்ணனுக்கு முதுகெலும்பில் வட்டு நழுவிவிட்டது. செப்டம்பரிலிருந்து லாரி ஓட்டுவதில்லை. பகலெல்லாம் படுத்திருக்கிறார். உன் பெயரை அவர் சொல்வதில்லை, நானும் சொல்வதில்லை. ஆனால் போன வாரம் வேலையிலிருந்து திரும்பியபோது, நீ பள்ளியில் படித்த காலத்தில் செய்த அந்தப் பழைய ரேடியோவைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது எங்கே ஒட்டும், எப்படிச் சேரும் என்று ஒன்றும் தெரியாது. பிரித்ததைத் திரும்பக் கோக்க முடியாமல் அப்படியே வைத்திருக்கிறார். எடுத்து வைக்கட்டுமா என்றால், இருக்கட்டும் என்கிறார்.

நீ வந்து அவரைப் பார்க்க வேண்டும். உங்கள் இருவருக்கும் நடுவில் நான் நிற்க மாட்டேன்.

நான் காலை ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவேன். திரும்ப நான்கு ஆகும். திங்கள் முதல் சனி வரை இப்படித்தான். சாவி பால் பெட்டிக்குள் இருக்கும். சூப்பு அடுப்பில் இருக்கும், சூடு பண்ணிக்கொண்டால் போதும், இரண்டு பேருக்கு வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அன்று நான் வீட்டில் இருப்பேன்.

மினேகோ